இதென்னங்க, எங்க மலையில…

ஒருவருக்கு நீங்கள் ஆசையாக ஒன்றைக் காட்டுகிறீர்கள். புதிதாகக் கட்டிய வீடாக இருக்கட்டும், சந்தையில் பிடித்து வந்த கறவை மாடாக இருக்கட்டும், பரீட்சையில் தேறிய பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் பார்க்கிறார். தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். கீழுதட்டைக் கொஞ்சம் பிதுக்குகிறார். பிறகு, "இதென்னங்க" என்கிறார். முடிந்தது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டையோ மாட்டையோ பிள்ளையையோ பற்றி ஒரு வார்த்தை அங்கே நடக்காது. எங்கோ இருக்கிற வேறொரு வீடு, எவரோ வைத்திருக்கிற வேறொரு மாடு, யாருக்கோ பிறந்த வேறொரு பிள்ளை என்று பேச்சு கிளம்பிப் போய்விடும். நீங்கள் காபி கொண்டு வருவீர்கள். வேறெங்கோ குடித்த காபியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அதையும் குடிப்பார்.

இவர்கள் தனி இனம். இதென்னங்கக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ராசிபுரத்தில் சாப்பிடும்போது திருச்செங்கோட்டுப் பாயசத்தையும், திருச்செங்கோட்டில் சாப்பிடும்போது ராசிபுரத்துப் பாயசத்தையும் புகழ்ந்தபடி, பரிமாறுகிறவர் பக்கம் டம்ளரை மட்டும் விடாமல் நீட்டிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். வந்து, உங்களுக்கு எடுத்தது வெறும் குடல்வால்தானே, எங்கள் சின்ன மாமனாருக்கு எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும் என்று தொடங்குவார்கள். உங்களுக்கு உங்கள் வியாதியின் மேலேயே மரியாதை போய்விடும். கெட்டவர்களா? இல்லை. பொறாமைக்காரர்களா? அதுவும் இல்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவர்களுடைய நாக்கு வளையாது, அவ்வளவுதான்.

கொல்லிமலை தேவனூர் நாட்டில் மிளகும் சாமையும் குச்சிக்கிழங்கும் போடுகிற காளியண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். அவருக்கு நடந்ததைச் சொன்னால் இனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காளியண்ணனுக்கு ஒரே மகள், அருள்மொழி. சென்னையில் ஓவியமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில் படித்தாள். மார்கழி மாதம் அங்கே கடற்கரையில் ஒரு கலை விழா. கட்டடத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தாமல், மணலிலேயே பெரிய பெரிய உருவங்களாக நிறுத்தி, சுண்டல் விற்கிறவரும் நடைப்பயிற்சிக்காரரும் நாயும் சமமாகப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி ஏற்பாடு. அதில் அருள்மொழிக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். அவள் செய்த முதல் பெரிய வேலை. அப்பாவும் அம்மாவும் வந்தே ஆக வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். காளியண்ணன், "அதென்ன பெரிய இது" என்று சொல்லி வைத்துவிட்டு, அன்றைக்கே சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

மனைவி கண்ணாயி தினைமாவு உருண்டை பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் ரயிலேறி, மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரையில் நின்றார்கள்.

அங்கே அவர்கள் கண்ட முதல் அதிசயம் கலைப் பொருள் இல்லை. சென்னைக்காரர்கள். சாயங்காலக் காற்றுக்கே நடுங்கிப்போய், காதுவரை மப்ளர் சுற்றி, குரங்குக் குல்லா போட்டு, குழந்தைகளைக் கம்பளியில் பொட்டலம் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். காளியண்ணனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, குல்லா போட்ட ஒரு பெரியவரிடம் வலியப் போய், "இதென்னங்க குளிரு, எங்க மலையில காலையில எந்திரிச்சா மூக்கு இருக்குதான்னு தொட்டுப் பார்க்கோணும்" என்றார். பெரியவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஓட்டை போட்ட மண்பானைகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். கடற்காற்று நுழைந்தால் கோபுரம் ஊளையிடும். எங்கள் மலையில் மூங்கில் தோப்பு ராகமே பாடும் என்றார். கண்ணாடித் துண்டுகள் பதித்த தூண் ஒன்று வானத்தையும் கடலையும் கலந்து காட்டியது. எங்கள் மலைச் சுனையில் குனிந்தால் மூஞ்சி இதைவிட நன்றாகத் தெரியும் என்றார். யானை உட்காருகிற அளவுக்கு ஒரு நாற்காலி இருந்தது. எங்கள் ஊர்ப் பாறையே நாற்காலிதான் என்று சொல்லிவிட்டு அதன் காலில் சாய்ந்து இளைப்பாறினார். கண்ணாயி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தினைமாவு உருண்டையை ஒரு கடியும் கடற்கரையை ஒரு பார்வையுமாகத் தின்றுகொண்டே வந்தாள். அந்த இனத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்குக் காது தானாகவே மூடிக்கொள்ளப் பழகிவிடும்.

கடைசியில் மகள் செய்ததற்கு முன்னால் வந்து நின்றார்கள்.

அது ஒரு ஸ்வெட்டர். மீனவர்கள் கழித்துப் போட்ட பழைய வலைகளையும் கயிறுகளையும் பச்சையும் நீலமும் காவியுமாகக் கோத்துப் பின்னி, மூங்கில் கழிகளில் நிறுத்தியிருந்த, பஸ் நிற்கிற கொட்டகை அளவுக்கு ஒரு ஸ்வெட்டர். கழுத்து வானத்தைப் பார்த்திருந்தது. இரண்டு கைகளும் குகை மாதிரி மணலில் நீண்டுபோய் அலை வந்து தொடுகிற இடத்தில் முடிந்தன. அலை வரும்போதெல்லாம் கடல் தன் கையை அதற்குள் நுழைத்துப் பார்த்துவிட்டு, அளவு சரியில்லை என்பதுபோல எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: கடலுக்குக் குளிருது.

குழந்தைகளுக்குப் பலகை தேவைப்படவில்லை. ஒரு கை வழியாகப் புகுந்து இன்னொரு கை வழியாக வெளியே வந்து, மறுபடி ஓடிப்போய்ப் புகுந்துகொண்டிருந்தார்கள். கண்ணாயி வாயில் இருந்த உருண்டையை மறந்து நின்றாள். அருள்மொழி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். காளியண்ணன் தலையைச் சாய்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நல்லவேளையாக அந்த நேரம் யாரோ அருள்மொழியைக் கூப்பிட, அவள் போய்விட்டாள்.

அவள் போனதும் காளியண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குழந்தைகளோடு குழந்தையாகக் குனிந்து ஒரு கைக்குள் புகுந்தார்.

உள்ளே வெயில் வலைக்கண் வழியாக வந்து பச்சையும் நீலமுமாக அவர் வேட்டியில் விழுந்தது. உப்பும் மீனும் கலந்த ஒரு வாசம். அலைச்சத்தம் வெளியே கேட்டதைவிடப் பக்கத்தில் கேட்டது. ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தவழ்ந்தார். இத்தனை முடிச்சையும் போட்டது, சின்ன வயதில் கன்றுக்குட்டியைக் கட்டத் தெரியாமல் கட்டி, அது அவிழ்த்துக்கொண்டு ஓட, பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினவளின் கையா என்று நினைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். போக்குவரத்து நின்றுபோனது. பின்னாலிருந்து ஒரு குழந்தை, தாத்தா நகருங்க, வழி விடுங்க என்று முதுகில் முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அவர் மறுகை வழியாக வெளியே வந்து நிமிர்ந்த இடத்தில் ஒரு மைக் நின்றது.

விழாவை நடத்தியவர்களில் ஒருவர் கௌசிகா. காளப்பநாயக்கன்பட்டிக்காரி, மலையடிவாரத்து விவசாயக் குடும்பம், அருள்மொழிக்கு அந்த இடம் கிடைக்கப் பேசியவள் அவள்தான். கலைஞர்களைப் பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று அவள் ஏற்பாடு. சுற்றிலும் கூட்டம். மணல் ஒட்டிய முழங்காலோடு நின்ற காளியண்ணன் கையில் மைக்கைக் கொடுத்தாள்.

ஒன்றை நீங்கள் நம்ப வேண்டும். அவர் நெஞ்சுக்குள் சரியான வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. எம்மவ செஞ்சதுங்க இது, எனக்குப் பேச வரலீங்க என்று அது குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. ஆனால் இந்த இனத்துக்கு நெஞ்சிலிருந்து நாக்குக்கு வருகிற பாதை கொல்லிமலை ரோட்டைவிட வளைவு அதிகம். எந்த வளைவில் எது திரும்பியதோ தெரியாது.

"இதென்னங்க," என்றார் காளியண்ணன். மைக் அதை வாங்கி அலைவரைக்கும் கொண்டுபோய்க் கொட்டியது. "எங்க மலையில நாங்க இதைவிடப் பெருசாவே செய்வோமுங்க."

கூட்டம் சிரித்தது. கை தட்டியது. கைதட்டலைக் கேட்டால் இந்த இனம் இன்னும் ரெண்டு அடி முன்னால் போகும். செய்வோம் என்றில்லை, இப்போதே செய்துகொண்டுதான் இருக்கிறோம், பொங்கலுக்கு வந்தால் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

கௌசிகா மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நானும் அடிவாரத்துக்காரிதானுங்க. பொங்கலுக்கு அம்மா ஊட்டுக்கு வாரேன். அப்படியே மேல ஏறி வந்து பார்த்துட்டுப் போறேன்."

அருள்மொழி ஒரு ஓரத்தில் நின்று மீந்த கயிற்றைக் கைமுட்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கயிறு தீர்ந்த பிறகும் சுற்றினாள்.

திரும்பும் ரயிலில் கண்ணாயி மீந்த தினைமாவு உருண்டையைத் துணியில் முடிந்து வைத்தாள். பிறகு, "புள்ள மூஞ்சியப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் பார்த்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விழுப்புரம் ஸ்டேஷன் டீ இதைவிட நன்றாக இருக்கும் என்று யாரிடமோ சொன்னார்.

இனி இந்த இனத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மலையைப் புகழ்கிறாரே, மலைமேல் அவ்வளவு பாசமா என்று நீங்கள் நினைத்திருந்தால் ஏமாந்துபோனீர்கள். காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறும்போது அவர் சுத்தமான கொல்லிமலைக்காரர். வளைவு வளைவாகப் பஸ் ஏற ஏற அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார். பாதி மலையில் இரண்டுங்கெட்டானாக இருந்தார். கடைசி வளைவு திரும்பும்போது கண்டக்டரிடம், "இதென்னப்பா ரோடு, மெட்ராஸ்ல போடுறானுங்க பாரு ரோடு" என்றார்.

செம்மேட்டில் இறங்கி டீ குடித்தார். இதென்ன டீ. கடற்கரையில் சுக்குக் காபி ஒன்று கொடுத்தார்கள், அதுதான் காபி. வீட்டுக்கு வந்து படுத்தார். மூங்கில் தோப்பு சத்தம் போட்டது. இதென்ன இரைச்சல், அங்கே பானைக் கோபுரம் ஒன்று, காற்றடித்தால் தாலாட்டு மாதிரி இருக்கும். அப்புறம் அந்த ஸ்வெட்டர். செல்போனில் எடுத்து வந்த படத்தை மிளகு வாங்க வந்த வியாபாரிக்குக் காட்டினார். மாட்டுக்கு ஊசி போட வந்தவருக்குக் காட்டினார். மாடும் எட்டிப் பார்த்தது. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்துக்கு விலை கேட்டவர்கள் ஸ்வெட்டரைப் பார்த்த பிறகுதான் விலை தெரிந்துகொண்டார்கள். கோயிலில் கற்பூரத்தட்டை நீட்டிய பூசாரியிடம், விபூதி எடுக்கும் கைக்கு முன்னால் போன் பிடித்த கை நீண்டது. "எம்மவ செஞ்சது. நம்மூர்ல எவனுக்கு வரும் இது?" தேவனூர் நாடு முழுக்க ஊர் ஊராக இப்படிச் சொன்னார். ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அருள்மொழி போன் செய்யும்போது சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அவளும் ஸ்வெட்டரைப் பற்றி எடுப்பதில்லை. அந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாடு மாதிரிப் படுத்துக்கிடந்தது.

பொங்கல் நெருங்கியபோதுதான் மைக்கில் சொன்னது அவருக்கு உறைத்தது. கௌசிகா வருவாள். மகளும் கூட வருவாள். கடலுக்குப் பின்னிய ஸ்வெட்டரைவிடப் பெரிதாக மலையில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டு மணிவண்ணனிடம் போய், திண்டாட்டத்தை எல்லாம் சொன்னார். மணிவண்ணன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். ஊருக்கு மேற்கே ஒரு உருண்டைப் பாறை இருக்கிறது, மொட்டைப் பாறை என்று பெயர். கடலுக்குக் குளிருகிறது என்றால் மொட்டைத்தலையோடு மார்கழிப் பனியில் நிற்கிற இதற்குக் குளிராதா? குல்லா போட்டுவிடுவோம் என்றார் மணிவண்ணன்.

ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. சாமை அறுத்து முடிந்த நேரம், வைக்கோல் மலையாகக் கிடந்தது. மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கூடு கட்டினார்கள். வைக்கோலைக் கயிறு மாதிரிப் புரியாகத் திரித்தார்கள். பாறையின் தலையளவைக் கயிறு பிடித்து எடுக்கப் போன இரண்டு பேர், பாறைக்கு நெற்றி எது பின்னந்தலை எது என்று சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். சூரியனைப் பார்த்த பக்கம் நெற்றி என்று பஞ்சாயத்துத் தீர்த்தது. குல்லாவின் உச்சியில் குஞ்சம் வேண்டும் என்று பெண்கள் அடம் பிடித்தார்கள். காது மூடும் மடிப்பு வேண்டும் என்றார் ஒருவர். பாறைக்குக் காது ஏது என்று கேட்டதற்கு, குளிருக்குப் பயந்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் என்றார். வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகவே போய், ஒரு புரி திரித்துவிட்டுப் போனார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காத ஆள் இல்லை.

இது அப்படியே நடந்திருந்தால் குல்லா முடிந்திருக்கும். ஆனால் மேற்பார்வைக்குக் காளியண்ணன் இருந்தாரே.

காலையில் வருவார். தலையைச் சாய்ப்பார். "இதென்ன முடிச்சு? அங்க எம்மவ போட்ட முடிச்சைப் பார்க்கோணும்." புரி திரிக்கிறவர்களிடம் போனைக் காட்டுவார். மூங்கில் வளைக்கிறவர்களிடம் போய் அங்கே மூங்கிலை எப்படி நிறுத்தியிருந்தார்கள் என்பார். குஞ்சம் கட்டிய பெண்களிடம், அங்கே குஞ்சமே இல்லாமல் எவ்வளவு எடுப்பாக இருந்தது தெரியுமா என்றார். குஞ்சக்காரிகள் முதலில் போனார்கள். மூங்கில்காரர்களுக்கு மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் மணிவண்ணன் மட்டும் மிஞ்சினார். அவரும் ஒரு நாள் கையிலிருந்த புரியைப் பாறைமேல் போட்டுவிட்டு, அவ்வளவு நன்றாகக் கட்டுகிறவளை அங்கேயே வைத்துக்கொண்டு என்னை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, தன் மாட்டுக்குக் கொம்பு சீவப் போய்விட்டார்.

ஆக, காளியண்ணனும் கண்ணாயியும் இரண்டே பேராக இழுத்துக் கட்டியதில் குல்லா பாறையின் ஒரு பக்கத்தை மட்டும் மூடி, மறுபக்கம் தலைவலிக்காரன் துண்டு மாதிரிச் சரிந்து நின்றது.

மாட்டுப் பொங்கல் வந்தது. ஊர் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்த மாடு எங்கே போகும்? வருஷம் முழுக்கக் கையளவு கையளவாக எண்ணிப் போடப்பட்ட வைக்கோல், இதோ ஒரு பாறை அளவுக்குக் குவித்து, குஞ்சமும் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாடுகள் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டன. அவற்றின் பண்டிகை, வேறு எப்படி நினைக்கும்?

செய்தி கேட்டுக் காளியண்ணன் ஓடி வந்தபோது காது மடிப்பு போயிருந்தது. மணிவண்ணனின் செவலை மாடு குஞ்சத்தில் இருந்தது. மணிவண்ணனும் பின்னாலேயே ஓடி வந்தார்; ஊரும் வந்தது. குச்சியை ஓங்கிய காளியண்ணன், மாலை போட்ட மாட்டை அன்றைக்கு அடிக்கக் கூடாதே என்று கையை இறக்கினார். பிறகு பொத்தென்று ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

அதே நேரம் கௌசிகாவின் கார் ரோட்டில் நின்றது. அவளும் அருள்மொழியும் ஒற்றையடிப் பாதையில் ஏறி, பாறையின் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். குரல் கேட்டு அருள்மொழி நின்றாள். கௌசிகாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"திங்கட்டும் உடு மணிவண்ணா," என்றது அப்பாவின் குரல். "என்ன பெரிய குல்லா. அங்க எம்மவ பின்னி வெச்சாளே, அது. நான் அந்தக் கைக்குள்ள பூந்தேன், தெரியுமா? உள்ள போயி ஒரு ஒரு முடிச்சா தொட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துருச்சு. வெளிய வந்தா கையில மைக்கக் குடுத்துட்டாங்க. என்னென்னமோ ஒளறிட்டேன்."

மணிவண்ணன், அதை அவளிடமே சொல்வதற்கென்ன என்று கேட்டார். செவலை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அருள்மொழி பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. காளியண்ணன் துள்ளி எழுந்தார். நெஞ்சு பொங்கிற்று. வாயைத் திறந்தார். "இதென்ன இப்படி மெலிஞ்சு கெடக்குற? அடிவாரத்து மிளகு வியாபாரி தரணிதரன் மகளைப் பாரு, எப்படி இருக்குறா."

கண்ணாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கௌசிகா இதெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. சாயம் பூசிய கொம்புகள், மாலைகள், சரிந்த குல்லா, அதில் புதைந்த இத்தனை வாய். சிரித்துச் சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும், கடற்கரையில் வைத்த எதையும் யாரும் இத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை என்றாள். மணிவண்ணனுக்கு அதைக் கேட்டு ஒரே பெருமை. குஞ்சம் தன் மாட்டுக்குத்தான் போயிற்று என்று சுட்டிக் காட்டினார்.

அருள்மொழி அப்பாவின் பக்கத்தில் போனாள். "அப்பா, எம்பட ஸ்வெட்டரு எப்படிங்கப்பா இருந்துச்சு?"

ஊரே திரும்பிப் பார்த்தது. காளியண்ணன் தலையைச் சாய்த்தார். உதடு பிதுங்கியது. நேராக்கினார். மறுபடி பிதுங்கியது. மேய்கிற மாட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்த்தது, அந்தத் தைமாதக் குளிரிலே. பாவம், அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்க மாடே மெல்லுவதை நிறுத்தியது.

அருள்மொழி அதைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று நடந்து பாறைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று கண்ணாயி பின்னால் ஓடப் போன நேரம், காளியண்ணன் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா, நாந்தான்."

"எங்க கண்ணு இருக்குற?"

"இங்க இல்லீங்கப்பா. அங்க இருக்குறேன். இப்பச் சொல்லுங்க."

காளியண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பிறகு வந்தது பாருங்கள், மடை திறந்த மாதிரி.

"சாமி, அது என்னா வேலை கண்ணு. நான் எத்தனையோ பார்த்திருக்குறேன், அது மாதிரி பார்த்ததில்லை. அதைப் போட்டதுக்கப்புறம் கடலுக்குக் குளிரே உட்டுப் போயிருக்கும். எங்கப்பன், பாட்டன், ஒருத்தன் கையிலயும் அந்த வேலை இல்லை. உன்ற கைக்குத்தான் வந்திருக்குது. அன்னிக்கே சொல்லோணும்னுதான் இருந்தேன் சாமி."

மலையில் போனில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். பாறையும் அப்படி ஒன்றும் அகலமில்லை. அவர் சொன்னது போன் வழியாக ஒருமுறையும், காற்று வழியாக ஒருமுறையும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரும் கேட்டது. கண்ணாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் போன் இத்தனை வருஷமா ஊட்டுலயேதான கெடந்துச்சு என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, சரிங்கப்பா, வெச்சிரட்டுமா, பசிக்குது என்று குரல் வந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தபோது, அவர் பொங்கல் ஆறிப்போகிறது என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அச்சு அசல் நம் பெரியப்பா, அந்த ஆபீஸ் மேனேஜர், கோயமுத்தூரில் இருக்கிற சின்ன மச்சான், அவருக்கு இதை அனுப்பி வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எதைக் காட்டினாலும் அது இங்கே இல்லை, அங்கேதான் இருக்கிறது என்று கையை நீட்டுகிறவர்கள் ஓர் இனம் என்றுதானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்? நீங்கள் எந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?